எட்டு வடை

கண்ணுச்சாமிக்கு அளவு என்றால் உயிர். முப்பது வருடம் கொத்தனாராக இருந்தவர். பூச்சுக்குச் சிமெண்டு ஒன்றுக்கு மணல் நாலு என்றால் நாலுதான். சித்தாள் ஒரு சட்டி மணலைக் கூடக் கொட்டிவிட்டால் கலவையை ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்வார். அவரோடு வேலைக்குப் போன சித்தாள்கள் எல்லாரும் அவரை வாழ்த்தினார்கள் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட மனிதரிடம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், "பத்து நாளைக்கு நீங்க சாப்பிடுறது எல்லாத்தையும் அளந்து எழுதிட்டு வாங்க" என்று சொன்னதும், மூன்று மாதமாகத் தொங்கிக் கிடந்த அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி பைபாஸ் ரோட்டில் இருந்தது. சிறுநீரக டாக்டர் ஐந்து நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். கிரியேட்டினின் மூன்றைத் தாண்டிவிட்டது. உப்பைப் பிடித்து நிறுத்தினால் டயாலிசிஸை இரண்டு மூன்று வருடமாவது தள்ளிப் போடலாம். நிறுத்தாவிட்டால் இந்த வருடமே ஊசி ஏற்றக் கையில் ரத்தக் குழாய் ஆபரேஷன் பண்ணி, டயாலிசிஸுக்குத் தயாராக வேண்டியதுதான். மற்றதையெல்லாம் டயட்டீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே உட்கார்ந்திருந்தவள்தான் அந்தச் சின்னப் பெண். பெயர் பவதாரிணி. கண்ணுச்சாமியின் மகள் பாண்டிமீனாவைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தால் அதிகம்.

"இனிமே என்ன சாப்பிடணும்னு நான் சொல்றேன் ஐயா. அதுக்கு முன்னாடி, இப்ப என்ன சாப்பிடுறீங்கன்னு நீங்க சொல்லணும். ஆஸ்பத்திரிக்குக் காட்டணுமேன்னு பத்து நாளைக்கு மட்டும் நல்ல பிள்ளையாச் சாப்பிட்டுட்டு வரக் கூடாது. எப்பவும் போலத்தான் சாப்பிடணும். குழம்புக்கு எத்தனை ஸ்பூன் உப்பு, எத்தனை ஸ்பூன் எண்ணெய், எத்தனை பேருக்கு வச்சது, எல்லாம் வேணும்."

"எழுதிருவோம் டாக்டரம்மா. ஒரு மணி பிசகாது."

"நான் டாக்டர் இல்லைங்க ஐயா. வீட்டுல அம்மாதான சமையல்?"

பவதாரிணி கேட்டது கண்ணுச்சாமியின் மனைவி சுந்தரம்மாளைப் பார்த்து. அவள் தலையை ஆட்டுவதற்குள் கண்ணுச்சாமி முந்திக்கொண்டார்.

"எம் வீட்டுச் சமையல ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்க டாக்டரம்மா. மீன் கொழம்பு வச்சான்னா லைன் வீடு ஆறும் மணக்கும். உப்பும் புளியும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். வெயில்ல நின்னு வேல பாத்த ஒடம்பு, அப்பிடிக் கேக்குது."

கூட வந்திருந்த மகள் சிரித்தாள். பவதாரிணியும் சிரித்தாள். சுந்தரம்மாளுக்கு மட்டும் அந்த நாற்காலியோடு பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது.

அவள் சங்கதியை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த மீன் குழம்பு அவள் வைத்தது இல்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டுத் தட்டில் விழுந்த குழம்பில் முக்கால்வாசி ஜோசபின் டீச்சர் வீட்டுக் குழம்பு.

சுந்தரம்மாள் பழங்காநத்தத்தில் மூன்று வீட்டுக்கு வேலைக்குப் போகிறாள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஒன்றரை ஆகும். பாத்திரம், துணி, வீடு கூட்டித் துடைப்பது. கடைசி வீடு ஜோசபின் டீச்சருடையது. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் அவர் கணவர் ஞானமுத்து சாரும் மட்டும்தான். மகன்களில் ஆலன் பெங்களூரில், ஆன்றோ துபாயில். பிள்ளைகள் போய்ப் பல வருடம் ஆகியும் டீச்சர் கை நாலு பேருக்குத்தான் உலை வைக்கும். மிச்சத்தைச் சில்வர் தூக்கில் ஊற்றி, "கொண்டுபோ சுந்தரம், வீணாப் போயிரும்" என்று கொடுத்துவிடுவார்.

அவர்கள் குடியிருக்கும் ஆறு வீட்டு லைன் வரிசைக்குப் பின்னால் பொதுக் குழாயடி இருக்கிறது. மத்தியான வெயிலில் அங்கே ஆள் இருக்காது. சுந்தரம்மாள் காலையிலேயே அங்கே ஒரு சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பாள். தூக்கில் இருப்பதை அந்தச் சட்டியில் ஊற்றுவாள். தூக்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைவாள். அந்த நேரம் கண்ணுச்சாமி காளையின் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அடுப்பைப் பற்றவைத்து, ரெண்டு சின்ன வெங்காயம் நறுக்கி, கடுகும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்து மேலே கொட்டுவாள். கடுகு வெடிக்கிற சத்தம் ஆறு வீட்டுக்கும் கேட்கும். அவர் உள்ளே நுழையும்போது, "இப்பத்தான் எறக்குனேன்" என்பாள். சோறு மட்டும் அவள் வடித்தது. அதில் பொய் இல்லை.

அவள் சோம்பேறி கிடையாது. மூன்று வீட்டில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்தவளுக்கு அம்மியும் கரண்டியும் பிடிக்க இடுப்பு விடவில்லை, அவ்வளவுதான். வேறு வீடாக இருந்தால் இதில் ஒளிக்க ஒன்றுமே இல்லை. கண்ணுச்சாமி வீட்டில் இருந்தது.

கண்ணுச்சாமியின் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. சொந்தமாகக் கையளவு நிலம் கிடையாது. அப்பா ஒரு பெரிய வீட்டுக்குப் பண்ணையாள். அந்த வீட்டுக் காதுகுத்து முடிந்த மறுநாள், மிஞ்சிய சோறு, ரசம், பாயாசம், கூட்டு எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் கொட்டி அப்பாவின் தலையில் தூக்கிவிட்டார்கள். ஒன்பது வயதுக் கண்ணுச்சாமி பின்னாலேயே நடந்தார். அப்பாவின் கழுத்தில் ரசம் வழிந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன்கள் பார்த்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவருக்குக் 'கதம்பம்' என்று பெயர். எட்டாவதில் படிப்பை விட்டதற்கு அவர் சொல்லும் காரணம் வறுமை. உண்மையான காரணம் அந்தப் பெயர்.

கல்யாணமான புதிதில் சுந்தரம்மாள் ஒரு வீட்டிலிருந்து நாலு இட்லி வாங்கி வந்தாள். அவர் அதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். அடித்திருந்தால்கூட அவள் மறந்திருப்பாள். "விசேசத்துக்கு எலையில வச்சுக் குடுக்குறது வேற. மிஞ்சுனதக் குடுக்குறது வேற. வேலைக்குப் போ, வேணாங்கல. கைய வீசிட்டுப் போயி கைய வீசிட்டு வா" என்றார். டீச்சர் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி வந்தால் வாங்கிக்கொள்வார். பொங்கலுக்கு அந்தப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்துத் திருப்பி அனுப்புவார். அந்தக் கணக்கில் அவரை அசைக்க முடியாது.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார். ஸ்கேல் வைத்து, கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். நேரம், சாப்பாடு, அளவு, உப்பு, எண்ணெய். மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் இருக்கும் பாண்டிமீனாவுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எழுதுவது அவள் பொறுப்பு.

"ம்மா, இன்னைக்குக் கொழம்புக்கு எம்புட்டு உப்பு?"

"கண்ணளவுதான்டி போடுவேன். ஸ்பூன்ல யாரு அளந்தா?"

"அதெல்லாம் ஆகாது புள்ள" என்றார் கண்ணுச்சாமி. "டாக்டரம்மா ஸ்பூனு குடுத்திருக்குல்ல? நாளைக்கு நான் அடுப்புகிட்ட ஒக்காந்து பாக்குறேன்."

"நீங்க எதுக்க ஒக்காந்தா எனக்குக் கை ஓடாதுங்க."

"நான் என்ன கலெக்டரா, என்னையப் பாத்துக் கை நடுங்க?"

வேறு வழியில்லை. முதல் இரண்டு நாள் டீச்சரிடம், "இன்னைக்கு வேணாம் டீச்சர், வீட்டுல இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, சுந்தரம்மாள் தானே சமைத்தாள். கண்ணுச்சாமி பலகை போட்டு உட்கார்ந்து, ஸ்பூனின் தலையை விரலால் வழித்து மட்டம் பார்த்துக் கொடுத்தார். குழம்புக்கு ஒரு ஸ்பூன் உப்பு. அவள் இடுப்பு இரண்டு நாளும் கழன்றுவிடும்போல் வலித்தது. இரண்டாம் நாள் ராத்திரி அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே முகத்தைச் சுளித்தார்.

"என்ன புள்ள, ரெண்டு நாளா கொழம்பு வெளங்கவே இல்ல? பழைய ருசி எங்க போச்சு? ஆஸ்பத்திரிக்குப் பயந்துக்கிட்டு மாத்தி வைக்கிறியா? மாத்தாமச் சாப்பிடணும்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சுல்ல?"

"மாத்தலைங்க."

"நான் ஒக்காந்து பாக்குறதால ஒனக்குக் கை வரல. சரி, நான் டீக்கடைக்குப் போயிர்றேன். நீ பழையபடி வை. அளவ மட்டும் சொல்லு."

உண்மையாக எழுத வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அவர் அவளைப் பழைய பொய்க்குத் திருப்பி அனுப்பினார். மறுநாளிலிருந்து தூக்கு மறுபடி வந்தது. அளவு கேட்டால், "அன்னைக்குப் பாத்தீகளே, அதே ஒரு ஸ்பூனுதான்" என்றாள். பாண்டிமீனா எழுதிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் அந்தக் கட்டத்தில் 'ஒன்று' விழும்போது சுந்தரம்மாள் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பத்தாம் நாள் ஒரு நாள் முழுதும் போகிற சிறுநீரைப் பிடித்துக்கொண்டு வரச் சொல்லி ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கேன் கொடுத்திருந்தார்கள். அதைத் துணிக்கடை மஞ்சள் பையில் வைத்து, மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணுச்சாமி டவுன் பஸ்ஸில் போனார். பக்கத்தில் இருந்தவர், "என்னண்ணே, தேனா?" என்று கேட்டார். "ஆமா, மலைத்தேன்" என்றார். வீட்டுக்கு வந்து அவர் அதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள்; அந்த வீட்டின் கடைசிச் சிரிப்பு அது.

மூன்று நாள் கழித்து மூவரும் போனார்கள். பவதாரிணி நோட்டைப் புரட்டினாள்.

"இவ்வளவு அழகா யாருமே எழுதிட்டு வந்ததில்ல ஐயா."

கண்ணுச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் சோதனைச் சீட்டைப் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"ஆனா கணக்கு இடிக்குதே. நீங்க எழுதினதப் பாத்தா, குழம்பு, சட்னி எல்லாம் சேத்து உங்க உடம்புக்குள்ள ஒரு நாளைக்கு ஒரு ஸ்பூன் உப்புதான் போகணும். சிறுநீர்ல வந்திருக்கிறது மூணு ஸ்பூனுக்குச் சமம். வீட்டுல போடாத உப்பு எங்கருந்து வந்துச்சு?"

"மெசினு தப்பாக் காட்டிருக்கும்."

"ரெண்டு தடவ பாத்துட்டாங்க. ஐயா, கோபப்படாதீங்க. வெளிய ஏதாவது சாப்பிடுறீங்களா? வடை, பஜ்ஜி, கருவாடு, ஊறுகாய்?"

"டீ மட்டுந்தான் குடிப்பேன். அதுவும் அரை டீ."

"தெனமும் டீக்கடையிலதான்ப்பா ஒக்காந்திருக்கீங்க" என்றாள் பாண்டிமீனா. "தின்னுருந்தாச் சொல்லிருங்க. யாரு திட்டப் போறா?"

"நான் எதையும் திங்கலத்தா."

"அப்ப இது?"

கண்ணுச்சாமி எழுந்து மகள் தலையில் கையை வைத்தார். "எம்மக மேல சத்தியமாச் சொல்றேன். வீட்டுச் சாப்பாட்டத் தவிர வேற எதுவும் என் வாயில படல."

பாண்டிமீனா அந்தக் கையை மெதுவாக எடுத்து இறக்கிவிட்டாள். "சரிப்பா, விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். நம்பியவள் பேசுகிற பேச்சா அது? பவதாரிணி பேனாவை மூடினாள். உண்மையான கணக்கு இல்லாமல் சாப்பாட்டுத் திட்டம் போட்டால் பலன் இருக்காது, ஒரு வாரம் கழித்துச் சரியாக எழுதிக்கொண்டு வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடுவார் என்றாள்.

சுந்தரம்மாள் அங்கேதான் இருந்தாள். ஒரு வார்த்தை, 'அவர் திங்கலம்மா' என்ற ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்த வார்த்தையைச் சொல்ல வேண்டி வருமே என்ற பயத்தில் அதையும் சொல்லவில்லை. புருஷனைப் பொய்யனாக்கிவிட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதோடு போயிருந்தால்கூட அவள் பல்லைக் கடித்திருப்பாள். மறுநாள் சாயங்காலம் பாண்டிமீனா வேலையிலிருந்து வந்த நேரம் பார்த்து, கண்ணுச்சாமி டீக்கடைக் காளையைக் கையைப் பிடித்து வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். மனிதன் கடையை அப்படியே போட்டுவிட்டு, தோளில் துண்டோடு வந்து நின்றான்.

"சொல்லு மாப்ள. எம்மககிட்டச் சொல்லு. நான் என்னைக்காச்சும் ஒங்கடையில வடை தின்னுருக்கேனா?"

காளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னண்ணே, பாக்கி எதுவும் இல்லையேண்ணே?"

"பாக்கியக் கேக்கல. தின்னேனா, இல்லையா?"

"இல்லண்ணே. நானே எத்தன தடவ நீட்டிருக்கேன், வேணாம்பீக."

"கேட்டியாத்தா?"

பாண்டிமீனா நிலைப்படியில் நின்றபடி, "அவரு உங்களுக்குச் சேக்காளிதானப்பா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். கண்ணுச்சாமியின் முகம் சுருங்கிவிட்டது. காளை வந்த வழியே போனான். அடுத்த வீட்டு ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். வீங்கிய காலோடு அவர் அந்த வாசலிலேயே வெகு நேரம் நின்றார்.

மறுநாள் டீச்சர் வீட்டில் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சமையல்கட்டு வாசலில் நின்றாள்.

"டீச்சர், நீங்க கொழம்புக்கு எம்புட்டு உப்புப் போடுவீக?"

ஜோசபின் டீச்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "ஏன் சுந்தரம், கூட இருக்கா?"

"அதுக்கில்ல டீச்சர். அவருக்குக் கிட்னியில கோளாறு. உப்ப அளந்து எழுதச் சொல்லிருக்காங்க."

"கால் வீக்கம்னுதான சொன்ன? கிட்னின்னு சொல்லவே இல்லையே?"

பரிதாபப்படுவார்களே என்று சுந்தரம்மாள் அதையும் மறைத்திருந்தாள். எத்தனையைத்தான் மறைப்பாள்? டீச்சர் முகம் மாறிப்போனது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"நாங்க சாப்பிடுற குழம்புல உப்பு அளவாத்தான் இருக்கும். சாருக்கு பிரஷர் இருக்குல்ல. ஒனக்கு ஊத்துறப்பதான் சுந்தரம்... நேத்து வச்சத, முந்தாநாள் வச்சத பிரிட்ஜ்லருந்து எடுத்துத் தாரேன். இந்தப் பங்குனி வெயில்ல நீ கொண்டுபோயி, மத்தியானமும் ராத்திரியும் வச்சிச் சாப்பிடுறீங்க. கெட்டுப் போயி ஒங்க வயித்துக்கு ஏதாவது ஆயிரக் கூடாதேன்னு, தூக்குல ஊத்துறதுக்கு முன்னாடி தனியா ஒரு கை உப்பும் புளிக்கரைசலும் விட்டுக் கொதிக்க வச்சுத்தான் குடுப்பேன். எங்கம்மா அப்படித்தான் செய்வாங்க."

"தெனமுமா டீச்சர்?"

"தெனமுந்தான்."

டீச்சர் எழுந்து, ஒரு கை உப்பை அள்ளித் தட்டில் கொட்டி, ஸ்பூனால் அளந்தார். கணக்கு டீச்சர் அல்லவா, வீட்டில் யார் எவ்வளவு ஊற்றிக்கொள்வார்கள் என்று கேட்டுக் காகிதத்தில் வகுத்துப் பார்த்தார். கண்ணுச்சாமி பங்குக்கு, எழுதியதைவிட ஒரு நாளைக்கு இரண்டு ஸ்பூன் கூட வந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"நல்லதுன்னு நெனச்சு நானே அந்த மனுசனுக்கு... ஆண்டவரே! நான் வந்து அவர்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன் சுந்தரம்."

"வந்துராதீக டீச்சர்!" சுந்தரம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க வீட்டுக் கொழம்புன்னு அவருக்குத் தெரியாது."

டீச்சர் அவளையே பார்த்தார். அன்று சுந்தரம்மாள் தூக்கு இல்லாமல் வீட்டுக்கு நடந்தாள்.

கண்ணுச்சாமி டீக்கடைக்குப் போவதை விட்டிருந்தார். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். சுந்தரம்மாள் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கு, குழாயடி, தாளிப்பு, ஒரு கை உப்பு.

அவர் கத்தவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"மீன் கொழம்பு?"

"அதுவுந்தான்."

"ஆடிக்கு வச்ச கறிக் கொழம்பு?"

"அது நான் வச்சது. சத்தியமா நான் வச்சது."

அவர் எழுந்து குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். இரண்டு வருடத்துச் சாப்பாட்டைக் கொப்பளித்துத் துப்ப முடியுமா? துப்பிக்கொண்டே இருந்தார். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இட்லியைக் கொட்டிய அன்று போல அழுதுவிட்டாலாவது தேவலை என்று இருந்தது. அவர் அழவில்லை.

இரண்டு நாள் அவள் கையால் சாப்பிடவில்லை. தானே ஒரு சட்டியில் நொய்யைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். பாண்டிமீனா, "வடைய விட்டதுக்கு இப்பிடி விரதமாப்பா?" என்று கேட்டாள். அவர் சட்டியைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு சுந்தரம்மாளிடம் வந்தார். மூன்று நாளில் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"டீச்சரு கணக்குல எனக்கு எம்புட்டுக் கூட வந்துச்சு?"

"நாளைக்கு ரெண்டு ஸ்பூனு."

"தலைதட்டியா, குமிச்சா?"

"தலைதட்டித்தான் அளந்தாக."

ஆஸ்பத்திரி ஸ்பூனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காளையின் கடைக்குப் போனார். வடை மாவுக்கும் சட்னிக்கும் எவ்வளவு உப்புப் போடுவாய், அதில் எத்தனை வடை வரும் என்று கேட்டு, காளை போடுகிற உப்பை ஸ்பூனால் அளந்து பார்த்தாராம். "என்னண்ணே, எனக்குப் போட்டியாக் கடை போடப் போறீகளா?" என்று அவன் கேட்டானாம். திரும்பி வந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில், கோணல் எழுத்தில், அவரே ஏதோ எழுதி மூடினார். சுந்தரம்மாளிடம் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தன்னை நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். சொல்லட்டும், அதற்கு நான் தகுதியானவள்தான் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் பஸ் ஏறினாள்.

பவதாரிணி கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எட்டு வடையா!"

"ஆமா டாக்டரம்மா." கண்ணுச்சாமி மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு நாளைக்கு எட்டு. சட்னியோட சேத்து நாலு வடைக்கு ஒரு ஸ்பூன் உப்பு. எட்டு வடைக்கு ரெண்டு ஸ்பூன். அத எழுதினதோட கூட்டிப் பாருங்க. ஒங்க மெசினு சொன்னது வந்துரும்."

பவதாரிணி கூட்டிப் பார்த்தாள். வந்துவிட்டது.

"சத்தியம் பண்ணுனீங்களேப்பா" என்றாள் பாண்டிமீனா. குரல் உடைந்திருந்தது. "எந்தலையில கைய வச்சு."

"ஆமாத்தா. பொய்ச் சத்தியம்."

"ஒரு மனுசனக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்க வச்சு..."

"அவனையும் நாந்தான் பொய் சொல்லச் சொன்னேன்."

சுந்தரம்மாள் வாயைத் திறந்தாள். "ஏங்க..." என்றாள். கண்ணுச்சாமி திரும்பிப் பார்த்தார். "நீ பேசாம இரு" என்றார். அவள் பேசாமல் இருந்தாள். முதல் தடவையாவது பயம் என்று ஒரு சாக்கு இருந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

பவதாரிணி பத்து நிமிடம் அவரைக் கண்டித்தாள். இத்தனை வயதில் நாக்கை அடக்கக் கூடாதா, படிக்கிற பிள்ளையா நீங்கள், மகள் தலையில் சத்தியம் பண்ணுகிறவர் என்று சிரித்தும் சிடுசிடுத்தும் சொன்னாள். முப்பது வருடம் யாரிடமும் ஒரு சொல் வாங்காத மனிதர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டார். "இனிமே தொட மாட்டேன் டாக்டரம்மா" என்றார். அவள் புதுத் திட்டத்தை எழுதிக் கொடுத்தாள். வடையை நிறுத்தினால் உப்பு கட்டுக்குள் வந்துவிடும், ஆபரேஷனுக்கு இப்போது அவசரமில்லை, மூன்று மாதம் பார்க்கலாம் என்று டாக்டரும் சொன்னார்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். பாண்டிமீனாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அப்பாவின் காலைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். "உக்காருங்க" என்றாள். 'அப்பா' என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு முன்னால் போய் கம்பியைப் பிடித்து, அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

கண்ணுச்சாமி உட்கார்ந்தார். சுந்தரம்மாள் அவர் பக்கத்தில் நின்றாள். இரண்டு ஸ்டாப் போன பிறகு குனிந்து, "எனக்காக ஏங்க இந்தப் பேரு வாங்குனீக? நான் அவகிட்டச் சொல்லிர்றேன்" என்றாள்.

"ஒனக்காக வாங்கல." அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார். "அவளுந்தான ரெண்டு வருசமா அதத் தின்னுருக்கா. அப்பன் திருட்டு வடை தின்னான்னு நெனச்சுக்கிட்டுப் போகட்டும். மிச்சச் சோறு தின்னோம்னு எம்மக ஒருநாளும் நெனைக்கக் கூடாது. சொன்னீன்னா அப்புறம் எம்மூஞ்சியில முழிக்காத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மகள் இன்னும் திரும்பவில்லை. பழங்காநத்தம் வந்ததும் பாண்டிமீனா முன்படியில் இறங்கி, யாருக்கும் நிற்காமல் விறுவிறுவென்று நடந்தாள். கண்ணுச்சாமி பின்படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கினார். சுந்தரம்மாள் கையை நீட்டினாள். அவர் அதைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.